மத்தியாஸ் அடைத்த குழாய்

மத்தியாஸுக்கு எண்ணெய் ஒழுக்கு என்றாலே ஆகாது. வீட்டுக் கூரை ஒழுகினால்கூட நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடுவார். இயந்திரத்தில் எண்ணெய் ஒழுகினால் அவருக்குச் சோறு இறங்காது. இருபத்தாறு வருஷம் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், கொழுந்தரைக்கும் ரோலர்களைக் கட்டி மேய்த்தவர் அல்லவா! அங்கே ஒரு சொட்டு எண்ணெய் கொழுந்தில் விழுந்தால் போதும், அந்தத் தட்டுக் கொழுந்து முழுக்க வீண். ஸ்டோர் பொறுப்பாளரான டீமேக்கர் ஐயா வாயிலிருந்து அப்புறம் வருவதைக் காது கொடுத்துக் கேட்க முடியாது. எங்கே சொட்டினாலும் உடனே அடைத்துவிடுவது அவருக்கு அப்படித்தான் பழகியது.

ஸ்டோரை மூடிய பிறகு அக்கரப்பத்தனையில் ஒரு தகரக் கொட்டகை போட்டு வாகனம் திருத்தத் தொடங்கினார். அவரிடம் வந்த வண்டிகளிலேயே மூத்தது நர்ஸம்மா பவுலினின் மொரிஸ் மைனர். தோட்டத்து டிஸ்பென்சரியில் முப்பது வருஷம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவர் பவுலின். வலி கண்ட பெண்களைத் தொழிலாளர் லயத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு அந்தக் காரில்தான் கொண்டு போவார். மூன்று பிள்ளைகள் ஆஸ்பத்திரி வரைக்கும் பொறுக்காமல் பின்சீட்டிலேயே பிறந்திருக்கிறார்கள். பிற்காலத்தில் அந்தச் சீட்டில் அவருடைய வீட்டுக்காரர் உட்காருவார். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்த மனுஷன். வியாழக்கிழமை கிளினிக், ஞாயிறு மாதா கோயில் பூசை. அவர் வெளியுலகம் பார்ப்பது அந்த இரண்டு நாள்தான்.

அந்தக் காருக்குத்தான் பத்து மாசமாக என்னவோ பிடித்திருந்தது. என்ஜின் மேல்மூடியான டெப்பட் கவரில் எண்ணெய் கசிந்தது. மத்தியாஸ் கேஸ்கட் மாற்றினார். முன்பக்கம் கசிந்தது, சீல் மாற்றினார். பிறகு பின்பக்கம். இங்கே அடைத்தால் அங்கே, அங்கே அடைத்தால் இங்கே. வழியில் எண்ணெய் வற்றிப்போகுமோ என்ற பயத்தில் நர்ஸம்மா காரை எடுப்பதையே விட்டுவிட்டார். கிளினிக்குக்கு ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கிப் போனார்கள். கடைசியில் மத்தியாஸே, "என்ஜின் தேஞ்சு போச்சு நர்ஸம்மா, குடுத்துருங்க," என்று சொல்லிவிட்டார். நீர்கொழும்பிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து காரை ஏற்றிக்கொண்டு போவதாகப் பேச்சு. கார் போனதும் வத்தளையில் இருக்கும் மகன் வீட்டுக்கே போய்விடுவதென்று சட்டி பானையைக்கூடக் கட்டியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே மத்தியாஸ் வந்து நின்றார்.

"என்னா மத்தியாசு, விக்கப்போற வண்டிக்கு என்னா வைத்தியம்?"

"மனசு கேக்கல நர்ஸம்மா. ஒரே ஒரு தடவ பாத்துர்றேன். கொஞ்சம் கோதுமை மாவு குடுங்க."

"ரொட்டி சுடப் போறியா?"

என்ஜினை மண்ணெண்ணெயால் கழுவி, ஈரம் போகத் துடைத்து, சுற்றிலும் மாவைத் தூவினார். எண்ணெய் எங்கே பிறக்கிறதோ அங்கே மாவு முதலில் கறுக்கும். வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கண் கொட்டாமல் பார்த்தார். ஒரு இடம் கறுக்கும் என்று பார்த்தால் மூன்று இடம் ஒரே நேரத்தில் கறுத்தன! புதிதாகப் போட்ட கேஸ்கட்டும் சீலும் பேசி வைத்துக்கொண்டா ஒன்றாகக் கெட்டுப்போகும்?

சந்தேகப்பட்டு எண்ணெய் ஊற்றுகிற மூடியைக் கழற்றினார். புகை குப்பென்று முகத்தில் அடித்தது. மூடியைத் திறந்தபடியே விட்டு, புது மாவு தூவிப் பார்த்தார். ஒரு இடமும் கறுக்கவில்லை. எண்ணெய் தானாகக் கசியவில்லை, உள்ளேயிருந்து எதுவோ அதைத் தள்ளுகிறது. மூடி இறுகிய சோற்றுப் பானை பொங்கி விளிம்பெல்லாம் வழியுமே, அந்த மாதிரி. அப்படியானால் உள்ளே சேரும் புகையை வெளியே விட்டு என்ஜின் மூச்சு விடுகிற குழாய் என்ன ஆயிற்று?

அந்தக் கேள்வி வந்ததுமே மத்தியாஸ் ஒரு கம்பியைத் தேடி எடுத்தார்.

வண்டிக்கு அடியில் படுத்துக் குழாய் நுனிக்குள் கம்பியை விட்டு இழுத்தார். எண்ணெயில் ஊறிய கம்பளித் துண்டு ஒன்று வந்தது. அவருடைய கம்பளி, அவர் சுருட்டிய சுருட்டு. போன வருஷம் சர்வீஸ் செய்தபோது அந்தக் குழாயிலிருந்து இரண்டு சொட்டு விழுந்ததைப் பார்த்துவிட்டு அவரே அடைத்தது. "சொட்ட நிப்பாட்டிட்டேன் நர்ஸம்மா!" என்று பீற்றிக்கொண்டது வேறு.

சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. எதையோ பெரிதாகத் திருத்தியதாகச் சொன்னால் நர்ஸம்மா கும்பிட்டே விடுவார். மத்தியாஸ் அடியிலேயே கொஞ்ச நேரம் கிடந்தார். பாவம், அவர் மட்டும் என்ன செய்வார், மானம் என்று ஒன்று இருக்கிறதே. பிறகு எழுந்து போய் அந்தத் துண்டை நர்ஸம்மா கையிலேயே வைத்தார்.

"வண்டிக்கு ஒன்னும் இல்ல. நான்தான் அதோட மூச்ச அடைச்சு வச்சிருந்தேன். பத்து மாசமா."

நர்ஸம்மா துண்டையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வண்டிய நிறுத்துனதிலேருந்து அவரு பூசைக்குப் போகல, தெரியுமா? ஞாயித்துக்கெழம விடிஞ்சா செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்குவாரு. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டாரு."

மத்தியாஸுக்கு ஒரு வசவு கிடைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. நர்ஸம்மா போனை எடுத்து, நீர்கொழும்புக்காரரிடம் சிங்களத்தில் நாலே வார்த்தை பேசினார். கார் விற்பதற்கில்லை.

"நாளைக்கி ஏழு மணிப் பூசை. நீயே வந்து அவரத் தூக்கி வண்டியில வையி," என்றார்.

மறுநாள் மத்தியாஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அந்த மனுஷனைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தார். கோயில் வாசலில் இறக்கியபோது, அவர் வலது கையால் மத்தியாஸின் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கோணல் வாயால் சிரித்தார்.

பூசை முடிந்து வந்து பார்த்தால், காருக்கு அடியில் குழாய்க்கு நேரே இரண்டு சொட்டு எண்ணெய். மத்தியாஸின் கை தானாகக் கைக்குட்டையைத் தேடிப் போனது.

"மத்தியாசு!" என்றார் நர்ஸம்மா. "கைய எடு. அது சொட்டட்டும்."