தேதியக்காவின் இரண்டு சான்றுகள்

அந்த நாளிதழின் மூன்றாம் பக்கத்தில், கீழே இடது மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கட்டம் வரும். தலைப்பு 'இதே நாளில்'. உள்ளே நான்கு வரிகள்: இரண்டு நிகழ்ச்சிகள், ஒரு பிறப்பு, ஓர் இறப்பு. இருபத்தாறு ஆண்டுகளாக அதை எழுதி வருபவர் அந்த அலுவலகத்தின் பிழை திருத்துநர். சம்பளம் பிழை திருத்துவதற்குத்தான். கட்டம் அவரே ஆசைப்பட்டுத் தலையில் ஏற்றிக்கொண்டது. பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருக்கிறது. ஊருக்கு அவர் தேதியக்கா.

அவருடைய மேஜைக்குப் பின்னால் பன்னிரண்டு செருப்புப் பெட்டிகள் அடுக்கியிருக்கும், மாதத்துக்கு ஒன்று. பிப்ரவரிக்கு மட்டும் குழந்தைச் செருப்புப் பெட்டி. நாட்கள் குறைவுதானே, அதற்கெதற்குப் பெரிய பெட்டி என்பது அக்காவின் கணக்கு. ஒவ்வொரு பெட்டியிலும் நாள்வாரியாக அட்டைகள், அட்டையில் நடந்தது என்ன, பிறந்தது யார், எங்கே பார்த்து எழுதியது என்ற விவரம். சில தேதிகளில் உலகமே போட்டி போட்டுக்கொண்டு பிறந்திருக்கும், யாரைச் சேர்ப்பது யாரை விடுவது என்று அக்கா திண்டாடுவார். வேறு சில தேதிகளில் பூமியில் எல்லோரும் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பார்கள் போலிருக்கிறது, ஒரு வரிக்கு நாயாய் அலைய வேண்டும். பிப்ரவரி இருபத்தொன்பதில் பிறந்த வாசகர் ஒருவர் நான்கு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் தொலைபேசியில் கூப்பிட்டு, "இன்னைக்காவது நாலு நல்ல வரியாப் போட்டிருக்கக் கூடாதா?" என்று சண்டை பிடிப்பார்.

அக்காவிடம் ஒரு சட்டம் உண்டு. எந்தத் தேதிக்கும் இரண்டு சான்று வேண்டும். ஒரு புத்தகத்தில் பார்த்தது போதாது; இன்னொன்றில் பார்க்கும்வரை அந்த அட்டை பெட்டிக்குள் போகாது. இந்தச் சட்டத்தால் ஆசிரியருக்குப் பலமுறை பொறுமை போயிருக்கிறது. ஆனால் ஊரில் இரண்டு பேர் ஒரு தேதிக்காகக் கட்டிப் புரண்டால், "தேதியக்கா என்ன போட்டிருக்காங்க?" என்ற கேள்வியோடு சண்டை முடிந்துவிடும். அக்காவுக்கு நகை ஆசையோ புடவை ஆசையோ பெரிதாகக் கிடையாது. இந்த ஒரு பெயரில் மட்டும் அவருக்குக் கொள்ளை ஆசை.

அவருடைய கணவரை ஊர் மிஷின்காரர் என்று அழைக்கும். ஆற்றுப் பாலத்தின் இந்தக் கரையில், படி இறங்கியதும் முதல் கடையில், தையல் மிஷின்களைப் பழுது பார்க்கிறார். எண்ணெய் படிந்த விரல்கள், எதற்கெடுத்தாலும் சிரிக்கும் முகம். அவர் பிறந்தது பாலம் திறந்த அன்று. மார்ச் ஒன்பது. பாலத்தின் முகப்பில் பதித்த கல்லில் தேதி பளிச்சென்று இருக்கிறது, அக்காவின் கட்டத்திலும் ஆண்டுதோறும் அது வந்துவிடும். மிஷின்காரர் காலையில் பேப்பரைப் பிரித்து, முதல் வேலையாக அந்த மூலையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்குவார்.

"பாலம் வந்திருக்கு. அது கூடவே பிறந்தவனை மட்டும் காணோம். ஏம்மா, கட்டினவனுக்கு ஒரு வரி தரக் கூடாதா?"

"நீங்க என்ன சாதிச்சீங்கன்னு போடுறது?"

"உன்னை இருபத்தெட்டு வருஷமா சமாளிச்சேன்னு போடு."

"அதுக்கு ரெண்டு சான்று கொண்டு வாங்க, போடுறேன்."

ஒவ்வொரு வருடமும் இதே பேச்சுதான். இருவருக்கும் சலித்ததில்லை.

மிஷின்காரரின் அம்மாவுக்கு, அதாவது அக்காவின் மாமியாருக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒரு பெருமை உண்டு. "என் மகன் பாலம் திறந்த அன்னைக்குப் பிறந்தவன். சொல்லப்போனா அந்தப் பாலத்தைத் திறந்ததே நான்தான்" என்று ஆரம்பிப்பார். அவ்வளவுதான், வீடே சிரிக்கும். "கத்தரிக்கோல் எங்கே வெச்சிருக்கே?" என்று கேட்டு உரக்கச் சிரிப்பவர் மிஷின்காரரேதான். அந்தம்மாள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். மீதியைச் சொல்ல யாரும் விட்டதில்லை. அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

இந்த வருடம் பாலத்துக்கு அறுபது. விழாக் குழு ஒன்று முளைத்தது. தலைவர் ஓய்வுபெற்ற பொறியாளர், எதையும் கோடு போட்டுச் செய்கிற மனிதர். அவர் அக்காவின் மேஜைக்கே வந்தார்.

"பாலத்துக்கும் உங்க வீட்டுக்காரருக்கும் ஒரே வயசு. அவருக்கும் மேடையில ஒரு நாற்காலி போட்டுடறோம்மா. திறப்பு விழா போட்டோ ஒண்ணு மட்டும் எங்கேயாவது தேடிக் கொடுங்க."

மிஷின்காரருக்குத் தலைகால் புரியவில்லை. வெளிர் நீலத்தில் ஒரு சட்டை எடுத்தார். மூன்று வாக்கியத்தில் ஒரு பேச்சு தயாரித்து, கடையில் பழுதுக்கு வந்த மிஷின்களுக்கு முன்னால் நின்று பேசிப் பார்த்தார். வாடிக்கையாளர் யாராவது வந்தால், திருகாணியைத் தேடுவதுபோலக் குனிந்துகொள்வார்.

பிப்ரவரி மத்தியில் ஒருநாள் மதியம் அக்கா பொது நூலகத்துக்குப் போனார். பின்கட்டு அறையில் பழைய செய்தித்தாள்களை மாதம் மாதமாகத் தைத்து வைத்திருந்தார்கள். எப்போதோ நின்றுபோன ஒரு பத்திரிகையின் அறுபது வருடத்துக்கு முந்தைய மார்ச் தொகுப்பை இறக்கி, தும்மி, பிரித்தார். விழா ஒன்பதாம் தேதி என்றால் படம் பத்தாம் தேதி இதழில் இருக்க வேண்டும். இல்லை. பதினொன்றிலும் இல்லை. ஒன்பதாம் தேதி இதழுக்கே திரும்பினார். முதல் பக்கத்தின் அடியில் ஐந்து வரிச் செய்தி: சிறப்பு விருந்தினருக்கு உடல்நலக் குறைவு, இன்று நடக்கவிருந்த பாலத் திறப்பு விழா ஒத்திவைக்கப்பட்டது.

அக்கா அந்த ஐந்து வரியையும் இன்னொரு முறை படித்தார்.

கல்லை முன்கூட்டியே செதுக்கிப் பதித்துவிட்டார்கள். விழா தள்ளிப்போனதும் யாரும் அதைப் பெயர்த்து மாற்றவில்லை. அது சரி, ஆனால் அவரிடம் இரண்டு சான்று இருந்ததே? ஒன்று கல். மற்றொன்று கணவரின் பள்ளிச் சான்றிதழ்; பாலம் திறந்த நாளில் பிறந்தவருக்கு அதிலும் மார்ச் ஒன்பது என்றுதான் இருந்தது. அந்தச் சான்றிதழ் எங்கிருந்து வந்தது? மகனைப் பள்ளியில் சேர்க்கும்போது மாமியார் 'பாலம் திறந்த நாள்' என்று மட்டும் சொல்லியிருக்கிறார். எழுத்தர் எட்டிப் போய்க் கல்லைப் பார்த்துத் தேதியை எழுதியிருக்கிறார். பிறகு எல்லாக் காகிதமும் அதைப் பார்த்தே வந்தன. இரண்டு சான்று என்று அக்கா நம்பியது ஒரே கல்லைத்தான். யார் யார் வீட்டுத் தேதிக்கோ நூலகம் நூலகமாக ஏறி இறங்கியவர், சொந்த வீட்டு விஷயம் என்பதால் இதை மட்டும் தோண்டிப் பார்க்கவில்லை.

தொகுப்பை மூடினார். மேலட்டையில் அவருடைய விரல் தடம் மட்டும் பதிந்திருந்தது. இதை அவருக்கு முன் யாரும் தொட்டதில்லை, இனியும் தொடப் போவதில்லை. அழைப்பிதழ் அச்சாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் பெயரும் கெடாது, கணவரின் நாற்காலியும் போகாது. அப்படி நினைத்ததற்கே அக்காவுக்குத் தன்மேல் எரிச்சல் வந்தது. ஆனாலும் நினைத்தார், அதை ஒளிக்க வேண்டியதில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனால், மிஷின்காரர் நீலச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். விழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இது நான்காவது தடவை.

"ஏங்க, அந்த இஸ்திரிப் பெட்டியை ஓரமா வெச்சுட்டு உட்காருங்க."

மென்று முழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார். மிஷின்காரர் கேட்டுக்கொண்டே சட்டையை மடித்தார்.

"அப்ப நான் மார்ச் ஒன்பதாம் தேதி பிறக்கலையா?"

"பாலமே அன்னைக்குத் திறக்கலைங்க."

"அறுபது வருஷமா தப்பான நாளா கொண்டாடியிருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "இதைப் போட்டா உன் பேரு கெட்டுப் போகுமே."

"போகும்."

"போடலேன்னா?"

"என்னால அந்த மேஜையில உட்கார முடியாது."

"அப்படீன்னா போட்டுடு. என் நாற்காலியைப் பத்திக் கவலைப்படாதே, கடையில ஒரு முக்காலி இருக்கு." எழுந்து போய்த் தேநீர் கலந்து கொண்டுவந்தார். சர்க்கரை போட மறந்துவிட்டார். அக்கா அதை அப்படியே குடித்தார்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவர் அக்காவைவிட வயதில் சின்னவர், எதற்கும் பதறுகிறவர்.

"கல்லுலயே ஒன்பதுன்னு இருக்குக்கா. யாரு போய்க் கேட்கப் போறாங்க? இதைத் திருத்துனா, இத்தனை வருஷம் போட்டதெல்லாம் கதையான்னு கேட்பாங்க."

"கேட்கட்டும் சார். கேட்கிறவங்களுக்கு எல்லாப் பெட்டியையும் திறந்து காட்டறேன்."

"சரி, நிஜத் தேதி எது?"

அதுதான் அக்காவுக்கும் தெரியவில்லை. நேற்றைய பயத்தில் பாதியில் மூடிவிட்டு வந்திருந்தார். திருத்தம் எழுத அந்தத் தேதி வேண்டும். அதைவிட, தன் கணவருக்கு ஒரு பிறந்த நாளைத் தேடிக் கொடுத்தாக வேண்டும். அவரிடம் இருந்த ஒன்றைப் பறித்தது தான்தானே? அதே மதியம் மறுபடி நூலகத்துக்குப் போனார்.

பதினைந்து, பதினெட்டு, இருபது. ஒன்றுமில்லை. இருபத்திரண்டாம் தேதி இதழில் நான்காம் பக்கத்தில் கிடைத்தது. படம் இல்லை, செய்தி மட்டும். முந்தின நாள் காலை பாலம் திறக்கப்பட்டது. பெரிய விருந்தினர் வரவில்லை, ஓர் அதிகாரி வந்திருந்தார், கூட்டம் சொற்பம். அடுத்த பத்தியை அக்கா நின்றுகொண்டே படித்தார். அதிகாரி கத்தரிக்கோலை எடுத்த நேரத்தில், பிரசவ வலி வந்த ஒரு பெண்ணைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு நான்கு தொழிலாளர்கள் ஓடி வந்தனர். மருத்துவமனை அக்கரையில் இருந்தது. யாரும் தடுப்பதற்குள் அவர்கள் ரிப்பனை அறுத்துக்கொண்டு பாலத்தைக் கடந்துவிட்டனர். அதிகாரி கையில் கத்தரிக்கோலோடு சிரித்தபடி பின்னால் நடந்தார்.

அக்கா உட்கார்ந்துவிட்டார். "அத்தே," என்று வாய்விட்டே சொன்னார். கண் நிறைந்துவிட்டது.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். செய்தியில் அந்தப் பெண்ணின் பெயர் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்து, அக்கரை மருத்துவமனையின் பதிவேட்டு அறைக்குப் போனார். அங்கிருந்த எழுத்தர் அம்மாள் முதலில் முறைத்தார், விஷயத்தைக் கேட்டதும் தானே ஏணியில் ஏறிப் பதிவேட்டை இறக்கினார். மார்ச் இருபத்தொன்று, காலை பத்தே முக்கால், ஆண் குழந்தை. எதிரே தாயின் பெயர். அது மாமியாரின் பெயர்தான். அந்த வரியை எழுதியவர் கல்லைப் பார்த்து எழுதவில்லை, குழந்தையைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அன்று மாலையே பொறியாளரிடம் சொன்னார். அவர் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். ரிப்பன் கதையைக் கேட்டதும் கையை எடுத்துவிட்டார். "கல்லை விட இது நல்லா இருக்கேம்மா" என்று சொல்லி, அழைப்பிதழ்களில் புதுத் தேதியை ஒட்ட ஆள் பிடித்தார். மிஷின்காரரிடம் அக்கா இருபத்தொன்று என்ற தேதியை மட்டும் சொன்னார். மற்றதை அவர் பேப்பரில்தான் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், பொறியாளரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மார்ச் ஒன்பதாம் தேதி கட்டத்தில் திருத்தம் வந்தது: பாலம் இந்த நாளில் திறக்கப்படவில்லை, இருபத்தாறு ஆண்டுகளாகத் தவறாக எழுதிவந்தது நான்தான். தொலைபேசி நாள் முழுக்க அடித்தது. இரண்டு பேர் திட்டினார்கள். மற்றவர்கள், தங்கள் வீட்டுத் தேதிகளையும் ஒருமுறை சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டார்கள். பிப்ரவரி இருபத்தொன்பது வாசகரும் கூப்பிட்டு, தன்னுடையதும் தவறாக இருக்க வாய்ப்பு உண்டா என்று ஆசையாக விசாரித்தார்.

இருபத்தொன்றாம் தேதி காலை மிஷின்காரர் நீலச் சட்டையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தார். மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வழக்கம்போல அந்த மூலைக்குப் போய், சத்தமாகப் படித்தார்.

"ஆற்றுப் பாலம் திறக்கப்பட்டது. ரிப்பனை அறுத்து முதலில் கடந்தவர், கட்டிலில் தூக்கிச் செல்லப்பட்ட ஒரு கர்ப்பிணி. பிறப்பு: மேற்படியாரின் மகன், பாலத்தடியில் தையல் மிஷின் பழுது பார்ப்பவர்."

நான்காவது வரியை அவர் படிக்கவில்லை. பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, "ரெண்டு சான்று இருக்கா?" என்றார்.

"இருக்குங்க."

விழாவில் அவருக்கு நடு நாற்காலி. மைக்கைக் கொடுத்ததும், மிஷின்களுக்கு முன்னால் பழகிய மூன்று வாக்கியமும் மறந்துபோயின. எண்ணெய் போகாத விரல்களால் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பாலத்தைப் பார்த்தார்.

"எங்கம்மாதாங்க இதைத் திறந்தாங்க. சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. நான்தான் சிரிச்சேன்."