மேபலின் பழைய தோல்

தெளிப்பானை மூன்று முறை அழுத்தி, கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் நனைக்கிறார் வெண்டெல் ஹாகன். மேபல் மேல் ஒரு துளி பட்டுவிட்டால் மன்னிப்புக் கேட்பார். மேபல் உள்ளங்கை அகலச் சிலந்தி, மரத்தில் வாழும் இனம். உடம்பெல்லாம் கறுப்பு மயிர், கால் நுனிகளில் மட்டும் மருதாணி வைத்தது போல் ஒரு சிவப்பு. வெளியே அமெரிக்காவின் வடகோடி டுலூத் நகரம் உறைந்து கிடக்கிறது. மேபலுக்குக் குளிரக் கூடாதென்று ஹீட்டர் ஓயாமல் ஓடுவதால், மனைவி கொரின் ஜனவரியில் கையில்லாத பனியனோடு நடமாடுகிறார்.

கோபம் வந்தால் மேபல் பின்பக்கத்தைத் திருப்பி எச்சத்தைப் பீய்ச்சிவிடும். குறி தப்பாது. "பாத்தியா, என் மேல மட்டும்தான் அடிக்குது. ஆளை நல்லா அடையாளம் தெரியுது அதுக்கு!" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி வெண்டெல் பூரித்துப் போவார்.

அதன் தீனிக்காகப் பெட்டி நிறையக் கரப்பான்பூச்சி வேறு வளர்க்கிறார். "முப்பது வருஷமா செருப்பால அடிச்சுக் கொன்னேன். இப்ப அதுங்களுக்கு ஆரஞ்சு உரிச்சுத் தரேன்" என்பது கொரினின் புலம்பல்.

போன செவ்வாய்க்கிழமை மேபல் வலைக்குள் மல்லாந்து படுத்தது. புதிதாய் வளர்ப்பவர்கள் இதைப் பார்த்துக் குழியே தோண்டிவிடுவார்கள். தோல் உரிக்கப் போகிறதென்று வெண்டெலுக்குத் தெரியும். பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மனிதர், டெப்போவுக்குப் போன் போட்டு, "வீட்டுல ஒருத்திக்கு முடியல, இன்னிக்கு வரமாட்டேன்" என்றார். கொரினுக்கு என்ன ஆயிற்று என்று அங்கே பதறினார்கள். "கொரினுக்கா? அவ கல்லு மாதிரி இருக்கா!"

உரிந்த தோலில்தான் ஜாதகமே இருக்கிறது. சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து விரித்து, அடிவயிற்றின் உள்பக்கம் சின்னப் பை போல ஒரு மடிப்பு இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். இருந்தால் பெண், இன்னும் பத்து வருஷம் இருக்கும். இல்லாவிட்டால் ஆண், அடுத்த வருஷத்தைத் தாண்டுவதே அபூர்வம். பெண்ணாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில் மூன்று வருஷத்துக்கு முன் வைத்த பெயர் மேபல்.

சாப்பாட்டு மேசையில் தோலை விரித்த கையோடு வெண்டெல் எழுந்துவிட்டார். "என்னால முடியாது கொரின், நீயே பாரு. இந்தப் படத்துல இருக்கற மாதிரி மடிப்பு இருக்கணும்" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

கொரின் முகத்தைச் சுளித்துக்கொண்டு குனிந்தார். படத்தை ஒருமுறை பார்த்தார், தோலை இரண்டுமுறை பார்த்தார். அந்த இடம் வழவழவென்று இருந்தது. நிமிர்ந்தபோது, அறுபத்திரண்டு வயது மனிதர் தண்டனை பெற்ற பள்ளிப் பிள்ளையாய் நிற்பதைக் கண்டார்.

"பொண்ணுதான்" என்றார். "இன்னும் பத்து வருஷம் இந்தப் பீடை நம்ம தலையிலதான்."

"நிஜமாவா? இரு, நானும் பாக்கறேன்!" என்று வெண்டெல் திரும்பி ஓடி வருவதற்குள், கொரின் அந்தத் தோலை வெறுங்கையால் அள்ளிப் பாத்திரம் கழுவும் தொட்டியில் போட்டு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டார்.