எண்ணெய்க் கறையும் மூன்று சட்டங்களும்

போன வாரம் அரியூரில் நண்பர் ஒருவரின் புதுமனை புகுவிழா. ஹாலில் ஒரு சுவர் முழுக்க வெள்ளை மோல்டிங். கட்டம் கட்டமாகச் சட்டம் அடித்து, ஓரத்தில் மெலிசாகத் தங்கக் கோடும் இழுத்திருந்தார்கள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தேன். தலை சுவரில் பட்டிருக்கிறது. நண்பரின் மனைவி சிரித்துக்கொண்டே வந்து, "கோச்சுக்காதீங்கண்ணே, இப்பதான் பெயிண்ட் அடிச்சிருக்குது. எண்ண பட்டா போவாது" என்றார். சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் சொன்னதில் தப்பே இல்லை. எண்ணெய் பட்டால் போகாது என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்?

புது பெயிண்ட் வாசனை வந்தாலே எனக்கு வில்லியனூர்க் கடை ஞாபகம் வந்துவிடும். பெயிண்டும் ஹார்டுவேரும் விற்கிற கடை. இருபத்து மூன்று வயதில் அங்கே கவுண்டரில் நின்றேன். மோல்டிங் நீளம் நீளமாக மூலையில் சாத்தியிருக்கும். மரத்தூளும் டர்பன்டைனும் கலந்த வாசனை சட்டையோடு வீடுவரை வரும். "சார், சோபாவுக்கு மேல மூணு சட்டம் அடிங்க, ஹாலே பெருசா தெரியும்" என்று வருகிறவர்களிடம் பெரிய நிபுணன்போல அளப்பேன். சோபா இருந்த எந்த வீட்டிலும் நான் அதுவரை உட்கார்ந்தது கிடையாது. அது அவர்களுக்குத் தெரியாதல்லவா!

எங்கள் வீடு மடுகரையில். கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல். ஹால் என்று நாங்கள் சொல்லிக்கொண்டது ஒரே ஒரு முன்னறையைத்தான். டிவிக்கு எதிர்ச் சுவரில், உட்கார்ந்தால் தலை படும் உயரத்தில், தேங்காய் மூடி அளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. அம்மா சாய்கிற இடம். கழனியிலிருந்து வந்து, மேல் கழுவி, தலைக்கு எண்ணெய் தடவிக் கொண்டை போட்டு, காலை நீட்டி அங்கே சாய்ந்தால்தான் அவளுக்கு ஒரு நாள் முடியும். மஞ்சள் காமாலையில் அவள் போய் எட்டு மாதமாகியும் கறை அப்படியே இருந்தது. நைனா, அதாவது என் அப்பா, தினமும் அதற்குப் பக்கத்தில், அவள் இருந்தபோது உட்கார்ந்த அதே இடத்தில்தான் உட்காருவார். கறைக்கு நேராக யாரும் உட்காருவதில்லை.

அந்த நேரத்தில் தங்கை கலாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எனக்குக் கை துறுதுறுத்தது. கடையிலிருந்து மோல்டிங் வாங்கி வந்து அந்தச் சுவரடியில் வைத்தேன்.

"இந்தச் செவுத்த வுட்டுடுடா" என்றார் நைனா. "உன் ஷோக்கெல்லாம் வேற செவுத்துல காட்டு."

"உள்ள நொழஞ்சதும் இதான் நைனா கண்ணுல படும். வரவங்க இன்னா நெனப்பாங்க?"

நைனா டிவி பக்கம் திரும்பிக்கொண்டார். கலாதான், "எனக்காவ ஒன்னும் செய்ய வாணாம்ணே. நான் செவுரு கேக்கல" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு கோட்டிங் அடித்தேன். மூன்றாம் நாள் காலையில் கறை மஞ்சளாக வெளியே வந்து நின்றது. எண்ணெய்க் கறையின் மேல் பெயிண்ட் அடிக்கக் கூடாதென்று ஊருக்கெல்லாம் சொன்னவன் என் வீட்டில் கோட்டை விட்டேன். நைனா டீ டம்ளரோடு அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அம்மா போனபிறகு அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

"போவ மாட்டன்றா பாருடா" என்றார்.

அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகும் நான் நிறுத்தவில்லை. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சுத்தியலும் உளியும் எடுத்து, செங்கல் தெரியும்வரை பூச்சைக் கொத்தினேன். நைனா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார். கலா காரையைக் கூட்டி முறத்தில் அள்ளிக்கொண்டு, "இத்த எங்கண்ணே கொட்றது?" என்று கேட்டாள். "வேற எங்க? குப்பையிலதான்" என்றேன். அவள் முறத்தைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள்.

சிமெண்ட் பூசி, காயவிட்டு, பட்டி பார்த்து, மூன்று சட்டம் அடித்தேன். மூலை வெட்டு ஒன்றுகூடச் சரியாகச் சேரவில்லை. இடைவெளியைப் பட்டியால் அடைத்துத் தேய்த்து மறைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் கடை கேட்லாக் மாதிரியே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளிவிட்டு, "எனக்கு கீய ஒக்காந்து சாஞ்சாதான்பா இடுப்பு கேக்கும்" என்று தரையில் உட்கார்ந்து, நடுச் சட்டத்தில் தலையை வைத்துக்கொண்டார். தலை நிறைய எண்ணெய். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். சுவரைப் பற்றி ஒருத்தரும் ஒரு வார்த்தை பேசவில்லை. கலாவின் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த அம்மா சம்மதம் சொன்னார். அவர்கள் தெருமுனை திரும்புவதற்குள் நான் ஈரத்துணியால் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தேன். நைனா அதைப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து அவர் ஹால் நடுவில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, எதிலும் சாயாமல் உட்கார ஆரம்பித்தார். கல்யாணம் முடிந்த பிறகும் அப்படியேதான்.

"செவுத்துல சாஞ்சிக்க நைனா, முதுவு வலிக்கும்" என்று ஒருநாள் சொன்னேன்.

"வாணாம்பா, கறையாயிடும்" என்றார். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்கு ஒத்தாசையாகத்தான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

நைனா போய் இரண்டு வருஷம். கருமாதி முடிந்து உறவுக்காரர்களெல்லாம் கிளம்பிய பிறகு, ஒவ்வொரு சுவராகப் போய்ப் பார்த்தேன். ஹால், உள்ளறை, ஜன்னலோரம், அவர் பாய் போடுகிற மூலை. அவர் தலை எண்ணெய் எங்காவது பட்டிருந்தால் எத்தனை கோட்டிங் அடித்திருந்தாலும் வெளியே வந்திருக்கும். எல்லாச் சுவரும் வெள்ளையாக இருந்தது. நான் அடித்த மூன்று சட்டங்களும் இன்னும் கெட்டியாக இருக்கின்றன. மூலையில் வைத்த பட்டிகூட விடவில்லை. நைனா எங்கேயும் சாய்ந்திருக்கவில்லை.