சாந்தினி எடுத்த பால்குடம்

சாந்தினி பேருந்தில் ஏறினால் யாராவது எழுந்து இடம் கொடுத்துவிடுவார்கள். "உக்காரு தங்கச்சி, எத்தன மாசம்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆரம்பத்தில் "புள்ள இல்லங்க, ஒடம்புதான்" என்று உண்மையைச் சொல்லிப் பார்த்தாள். கேட்டவர் முகம் செத்துப்போகும். கடைசியில் இவள்தான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. பிறகு "அஞ்சு மாசம்" என்று சொல்லிவிட்டு உட்காரப் பழகிக்கொண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு அஞ்சு மாசம்தான்.

மலேசியாவில், ஈப்போவை அடுத்த செமோர் பக்கத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்து லய வீடுகளை இடித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில் அவள் வீடு. கணவன் சுரேன், மாமியார் செல்லாயி, அவள், மூன்றே பேர். அவளுக்கு ஈப்போவில் ஒரு பேரங்காடியில் கேஷியர் வேலை. மாதவிலக்கு அவளுக்குச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. மாதக்கணக்கில் காணாமல் போகும், வந்தால் லேசில் போகாது. "சோத்தக் கொற, புள்ள தானா வரும்" என்று அக்கம்பக்கத்தில் ஆளாளுக்குச் சொன்னார்கள். சுரேன் சாப்பிடுவதில் பாதிகூட அவள் சாப்பிடுவதில்லை. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

அவளைத் திட்டாமல் பேசிய முதல் ஆள் கிளினிக் டாக்டர் பிரமிளாதான்.

"ஒங்க மேல தப்பில்லக்கா. ஹார்மோன் கெட்டுப்போனா முட்ட ஒழுங்கா வெளிய வராது. ஒடம்பு ஏறும். ஒடம்பு ஏற ஏற ஹார்மோன் இன்னும் கெடும். கொஞ்சம் எட எறங்குனாக்கூட போதும், நடங்க."

சர்க்கரையும் ஏறியிருந்தது. ஒரு மாத்திரை மாதவிலக்கு தள்ளிப்போனால் வரவைப்பதற்கு, இன்னொன்று சர்க்கரைக்கு. "இந்தச் சக்கர மாத்திரயும் பீரியட ஒழுங்கு பண்ணும்க்கா, விட்றாதீங்க" என்றாள் பிரமிளா. நல்லதற்குத்தான் சொன்னாள். அந்தச் சொல்லே வினையாகும் என்று யார் கண்டது?

சாந்தினி மாத்திரையை விடாமல் சாப்பிட்டாள். வேலை முடிந்து வந்து தாமானைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். பாவாடை கொஞ்சம் தளர்ந்தது. அந்த நேரத்தில்தான், பிள்ளை வரம் வேண்டி, தைப்பூசத்துக்கு மருமகள் பால்குடம் எடுப்பாள் என்று செல்லாயி நேர்ந்துகொண்டாள்.

ஒரு மண்டல விரதம். ஒருவேளைச் சோறு. மற்ற நேரம் பசித்தால் சீனி போட்ட பாலும் வாழைப்பழமும். மருமகளை மட்டும் பட்டினி போட மனம் வராமல், மூட்டுவலியோடு செல்லாயியும் கூடவே விரதம் இருந்தாள். சுரேன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனான். விரதத்தின் நடுவே தீட்டு வந்துவிட்டால் குடத்தைத் தொட முடியாது. சாந்தினி இரண்டு மாத்திரை அட்டைகளையும் கையில் வைத்துப் பார்த்தாள். ஒன்று வரவைக்கும், மற்றது ஒழுங்காக வரவைக்கும். எதை நம்புவது? இரண்டையும் அலமாரியில் வைத்து மூடினாள். டாக்டரைக் கேட்டிருக்கலாம். சாமி காரியத்துக்கு டாக்டரிடம் போய் நிற்பதா என்று இருந்துவிட்டாள்.

தீட்டு வரவில்லை. "பாத்தியா, முருகன் காவலுக்கு நிக்கிறாரு" என்றாள் செல்லாயி. குமட்டல் வந்தது. வெறும் வயிறு அப்படித்தான் என்று இருவருமே நினைத்தார்கள். ஈப்போ கல்லுமலை முருகன் கோவிலில் குடத்தோடு வெயிலில் நடந்தபோது சாந்தினிக்குத் தலை சுற்றிக் கால் தரையில் பாவவில்லை.

தைப்பூசம் முடிந்தும் மயக்கம் நிற்கவில்லை. கிளினிக்கில் விரத விவரம் கேட்டுச் சிறுநீரைச் சோதித்த பிரமிளா எழுந்தே நின்றுவிட்டாள்.

"அக்கா, புள்ளக்கா! நீங்க விரதம் ஆரம்பிக்கும்போதே உள்ள இருந்திருக்கு. மாத்திரயும் நடையும் வேல செஞ்சிருச்சு!"

சாந்தினி வாய்விட்டு அழுதாள். பிரமிளா சிரித்துக்கொண்டே விரலைக் குத்தி இரத்தம் எடுத்தாள். கருவியில் எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது.

"மாத்திர சாப்ட்டீங்கதானே?"

"ரெண்டு அட்டையும் அலமாரியிலதான் இருக்கு" என்றாள் சாந்தினி.

பெரியாஸ்பத்திரியில் இன்சுலின் கொடுத்தார்கள். ஊசியைக் கண்டாலே வியர்க்கும் சுரேன்தான் தினமும் அவள் வயிற்றில் போட்டுவிட்டான். சர்க்கரை இறங்கியது. நாம் பிழைத்தோம் என்று இருவரும் பேச ஆரம்பித்த வேளையில், ஸ்கேன் அறையில் டாக்டர் இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். பிள்ளைக்குத் துடிப்பு இல்லை.

விஷயம் கேட்டு வார்டுக்கு வந்த பிரமிளாவின் கையைச் சாந்தினி பிடித்துக்கொண்டாள்.

"மாத்திரய நிப்பாட்டுனதாலயா டாக்டர்?"

"அதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாதுக்கா. ஆரம்பத்துல சக்கர ஏறியிருந்தா ஆபத்து அதிகம். அதுக்கு மேல யாராலயும் சொல்ல முடியாது. அடுத்த தடவ மாத்திரய மட்டும் நீங்களா நிப்பாட்டிராதீங்க."

ஆமாம் என்றிருந்தால் அழுதிருப்பாள். இல்லை என்றிருந்தால் தூங்கியிருப்பாள். இரண்டுக்கும் வழியில்லாமல் படுத்துக்கிடந்தாள்.

மறுநாள் செல்லாயி திருநீற்றுப் பொட்டலத்தோடு வந்தாள். விரதத்தில் ஒட்டிய கன்னம் இன்னும் தேறவில்லை.

"நாம கேக்குறதுக்கு முன்னாடியே குடுத்தாரேம்மா. நாமதான் எங்கயோ கொற வெச்சிட்டோம். அடுத்த வருசம் நானும் ஒன்கூட சேந்து எடுக்குறேன். மாத்திர கீத்திர ஒன்னும் தொடாம, இன்னும் சுத்தமா இருப்போம்."

சாந்தினி சுரேனைப் பார்த்தாள். டாக்டர் சொன்னது அவனுக்கும் தெரியும். அவன் அவள் காலடிப் போர்வையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தான். விரதத்துக்காக மாத்திரையை நிறுத்திய உண்மையைச் சொன்னால், நேர்ந்துகொண்டது நான்தானே என்று இந்தக் கிழவி உயிரை விட்டுவிடுவாள். சொல்லாவிட்டால் அடுத்த தைப்பூசமும் இப்படித்தான் வரும். யார் மேல் கோபப்படுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

செல்லாயி அவள் நெற்றியில் திருநீற்றைப் பூசினாள்.

"சரின்னு சொல்லும்மா."

"சரி அத்தே" என்றாள் சாந்தினி.