விஜயதசமியன்று மக்கர் செய்த பிரிண்டர்

என் மனைவி செந்தாமரைக்கு ஊரில் இப்போது ஜெராக்ஸ் அக்கா என்று பெயர். பென்னலூரில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு இங்க் டேங்க் பிரிண்டரை வைத்துக்கொண்டு, ஹாஸ்டல் பெண்களுக்கு ஆதார், பயோடேட்டா என்று எதையாவது அடித்துக் கொடுத்துக்கொண்டிருப்பாள். நான் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்துக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். என் ஆட்டோவை நான் கவனிப்பதைவிட அவள் அந்தப் பிரிண்டரை அதிகம் கவனிப்பாள். மூடி வைப்பது என்ன, தினம் துடைப்பது என்ன. என்னை ஒரு நாள்கூட அப்படிக் கவனித்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அவள் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தவள். உற்பத்தி லைனில் தேறாத போன்களைப் பிரித்து, கோளாறு கண்டுபிடித்துச் சரிசெய்யும் மேசை ஒன்று அங்கே உண்டு. ரீவொர்க் டேபிள் என்பார்கள். அதற்கு லீடர் இவள். பக்கத்து நாற்காலியில் சங்கரன்கோவில் பக்கத்துப் பெண் சந்திரலேகா. பிறகு ஒரு நாள் கம்பெனியை மூடினார்கள். அடையாள அட்டையை கேட்டிலேயே வாங்கிக்கொண்டு எல்லாரையும் அனுப்பிவிட்டார்கள். அதோடு செந்தாமரை அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள். நான் ஆரம்பித்தாலும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். பத்து வருடத்துக்கு மேல் இப்படியே ஓடிவிட்டது.

சந்திரலேகா மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கம்பெனியாகக் கான்ட்ராக்டில் மாறி மாறி இருந்தாள். போன மாதம் கடைசி இடத்திலும் நிறுத்திவிட்டார்கள். வயதைக் கேட்டாலே கேட்டில் திருப்பி அனுப்பும் காலம் இது. வல்லம் வடகாலில் ஒரு புதுக் கம்பெனி மட்டும், லைன் தொடங்க அனுபவமுள்ள பெண்கள் வேண்டும், வயது பார்க்க மாட்டோம் என்று சொல்லியிருந்தது. விஜயதசமியன்று நல்ல நாள் பார்த்து ஆள் எடுக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்குள் பயோடேட்டாவோடு நிற்க வேண்டும். இது கிடைக்காவிட்டால் அன்று சாயங்காலமே ஊருக்கு பஸ் ஏறி, அண்ணன் வீட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். அங்கே போனால் அண்ணிக்குச் சம்பளமில்லாத வேலைக்காரி ஆகிவிடுவேன் என்று சொல்லிச் சொல்லி அழுதாள்.

விஜயதசமியன்று காலையிலேயே பயோடேட்டா அடிக்க எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். ரோட்டில் ஜெராக்ஸ் கடை எல்லாம் முதல் நாள் பூஜை போட்டு இழுத்து மூடிக் கிடந்தன. செந்தாமரை சிரித்துக்கொண்டே பிரிண்டரைப் போட்டாள். முதல் தாள் அடியில் கறுப்பாக அப்பிக்கொண்டு வந்தது. இரண்டாவது தாள் பாதி வந்து நின்றது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு சிவப்பு விளக்கு கண் சிமிட்டியது.

சந்திரலேகா பதறிப்போய்த் தாளைப் பிடித்து இழுக்கப் போனாள். செந்தாமரை அவள் கையைத் தட்டிவிட்டாள். முதலில் சுவிட்சை அணைத்து ஒயரைப் பிடுங்கினாள். பிறகு இரண்டு கையாலும் தாளின் இரண்டு ஓரத்தையும் பிடித்து, அது போகிற பக்கமாகவே மெதுவாக உருவினாள். கிழியாமல் வந்தது. உள்ளே துண்டு எதுவும் தங்கவில்லை என்று ஓரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். போன் டார்ச்சைப் பின்பக்கத் தட்டுக்குள் அடித்தவள் அப்படியே தலையில் அடித்துக்கொண்டாள்.

உள்ளே ஆயுத பூஜைப் பொரி.

முதல் நாள் அம்மணி செய்த கூத்து அப்படி. பிரிண்டரைச் சாய்த்துப் படுக்கவைத்து அடிவரைக்கும் துடைத்தாள். சந்தனம், குங்குமம் வைத்தாள். பொரி கடலைத் தட்டை அதன் தலைமேலேயே வைத்துக் கற்பூரம் காட்டினாள். பின்மூடி திறந்து கிடந்ததைப் பார்க்கவில்லை. பொரி உள்ளே விழுந்துவிட்டது. சாய்த்ததில் இங்க் டேங்கிலிருந்து கசிந்து அடியெல்லாம் பரவிவிட்டது. கம்பெனியில் மிஷின் மேல் ஒரு பூக்கூட வைக்க விட மாட்டார்கள், பூஜையெல்லாம் தனி மேசையில்தான் என்று வேலையில் இருந்த காலத்தில் பெருமை பேசியவள் இவள்தான்.

"கவுத்துப் போட்டு ஒரு உலுக்கு உலுக்கிருவோமா யக்கா?" என்றாள் சந்திரலேகா.

"உலுக்குனா மிச்ச இங்க்கும் வூடு பூரா ஓடும். சும்மா இரு" என்றாள் இவள்.

ட்வீசர் இடுக்கியால் எடுத்துப் பார்த்தாள். பொரி நசுங்கித் தூளானது. உடனே ஒரு அட்டைத் துண்டில் செலோ டேப்பைப் பசை வெளியே தெரியச் சுற்றி உள்ளே விட்டு ஒற்றினாள். சந்திரலேகா கேட்காமலேயே டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டாள். இவள் கையை நீட்டும்போது அடுத்த அட்டை தயாராக இருந்தது. நான் உதவிக்குப் போய் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணியை லேசாக நனைத்துக் கசிந்த இங்க்கை ஒற்றி எடுத்தார்கள். பிறகு பிரிண்டரைச் சமமான இடத்தில் கொஞ்ச நேரம் சும்மா வைக்க வேண்டும் என்றாள் செந்தாமரை. சந்திரலேகா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பயத்தை மறக்கத்தானோ என்னவோ, பழைய பேச்சை எடுத்தாள்.

லைனுக்குள் பூ வைக்கக் கூடாது. அதனால் எல்லாரும் பூவை பஸ் ஜன்னல் கம்பியிலேயே கட்டிவிட்டு இறங்குவார்களாம். ஷிஃப்ட் முடிந்து ஏறினால் பஸ் முழுக்க மல்லிகை மணக்குமாம். யார் பூ யார் தலைக்குப் போகிறது என்று ஒரே சண்டையாம். எனக்கும் அந்த பஸ் தெரியும். பூ ஆடிக்கொண்டே போகிற அந்த ஜன்னல்களில் ஒன்றில்தான் செந்தாமரையை முதலில் பார்த்தேன். இப்போது நினைத்தாலும் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. செந்தாமரை அடுப்படிக்கு எழுந்து போகவில்லை. உட்கார்ந்து கேட்டாள். ஓரிடத்தில் சிரிக்கக்கூடச் செய்தாள்.

பிறகு வெறும் தாள்களாக விட்டாள். கறை குறைந்துகொண்டே வந்து, கடைசியில் ஒரு தாள் வெள்ளையாக விழுந்தது. பயோடேட்டா பளிச்சென்று வந்தது. நான் வழியில் எந்தச் சவாரியையும் ஏற்றாமல் வண்டியை விரட்டி, சந்திரலேகாவை நேரத்துக்கு வல்லம் வடகால் கேட்டில் இறக்கிவிட்டு வந்தேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செந்தாமரையின் போன் அடித்தது. பிரிண்டரில் மிச்சக் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கையெல்லாம் இங்க் என்பதால் என்னை ஸ்பீக்கரில் போடச் சொன்னாள். அந்தக் கம்பெனி அதிகாரி ஒருவர் பேசினார். சந்திரலேகா பழைய கம்பெனி அனுபவம் சொல்கிறார், அது மூடிப்போனதால் விசாரிக்க ஆளில்லை, உங்கள் பெயரைத்தான் சொன்னார் என்றார்.

"நீங்க அங்க என்னவா இருந்தீங்க மேடம்?"

செந்தாமரை எழுந்து நின்றாள். எதிரே யாரும் இல்லை, இருந்தாலும் நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"ரீவொர்க் டேபிள் லீடர் சார். சந்திரலேகா என் டேபிள். பீஸ் சரியில்லன்னா யார் அவசரப்படுத்துனாலும் அடுத்த ஆள் கைக்குத் தள்ள மாட்டா. அவ பார்த்து அனுப்புனது எதுவும் திரும்பி வந்ததில்ல. தைரியமா எடுங்க."

சரி மேடம், நாளைக்கே வரச் சொல்லிவிடுகிறோம் என்று அவர் வைத்துவிட்டார். இவள் கண்ணைத் துடைக்கப் போய்க் கன்னத்தில் இங்க்கைத் தீற்றிக்கொண்டாள்.

"குந்துய்யா, சொல்றேன்" என்றாள் என்னிடம். "என் டேபிள்ல மொத்தம் எத்தினி பேர் இருந்தோம்னு தெரியுமா உனக்கு?"

அன்றைக்கு நான் சவாரிக்குப் போகவில்லை. இருட்டும்வரை அவள் ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள்.