கயிற்றில் கடைசிப் பொட்டலம்

கதவைத் தட்டுவது பூலோகத்துக்குப் பிடிக்காது. தாழ்ப்பாளில் பொட்டலத்தை மாட்டி, "பூ!" என்று ஒரே ஒரு குரல் கொடுத்து, ஓரடி பின்வாங்கி நிற்பான். திறப்பது யாரானாலும், "நல்லாருப்பிய" என்று ஒரு வாழ்த்து. மாதுங்காவின் இருபத்திரண்டு வீடுகளுக்கும் காலை ஏழரைக்குள் இது கிடைத்துவிடும்.

பொட்டலங்களில் பெயர் எழுதியிருக்காது. தாராவியில் அவன் மனைவி பேராச்சி பூவை இலையில் கட்டி, வீடுகள் வரும் வரிசையிலேயே நீளக் கயிறு ஒன்றில் முடிந்துவிடுவாள். அவன் அதைத் தோளில் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டியதுதான். இருபத்துமூன்றாவது பொட்டலம் பேராச்சிக்கு. அதையும் தன் வீட்டுத் தாழ்ப்பாளில் மாட்டிக் குரல் கொடுத்தால்தான் வேலை முடிந்ததாக அவனுக்குத் தோன்றும்.

இருபத்தொன்பது வயது ஆளுக்கு ஏன் இவ்வளவு ஏற்பாடு? பதின்மூன்று வயதில் அதே தோளில் சைக்கிள் டியூப் கிடந்தது. உள்ளே கள்ளச்சாராயம். மதுவிலக்கு வந்த புதிது. போலீஸ் கண்ணில் படாமல் சந்து சந்தாகக் கொண்டுபோக வேண்டும். பாதிக் கூலிக்குப் பதில் அதிலேயே ஒரு டம்ளர் குடிக்கக் கொடுப்பார்கள். பத்தொன்பதில் விட்டுவிட்டான், அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொட்டதில்லை. ஆனால் டாக்டர் பேராச்சியிடம் சொல்லிவிட்டார்: "வளர்ற வயசுல ஊறின மூளைம்மா. பழகினது நிக்கும். புதுசா ஒண்ணை மாத்திச் சொன்னா ஏறாது. அவர்கிட்ட கோவிச்சுக்காதீங்க."

போன ஆவணியில் நான்காவது வீட்டுச் சந்திரலேகா குடும்பம் செம்பூருக்குப் போய்விட்டது. "அந்த வீட்டுக்கு இனிமே கிடையாது" என்று பேராச்சி நாலு தடவை சொன்னாள். அவனும் நாலு தடவை தலையாட்டினான். கயிற்றில் ஒரு பொட்டலத்தைக் குறைத்தாள். மறுநாள் அவன் கால்கள் தம் பாட்டுக்கு நான்காவது கதவில் போய் நின்றன. ஐந்தாம் வீட்டுப் பூவை அங்கே மாட்டினான். அப்புறம் எல்லாமே ஒரு வீடு தள்ளி. துளசி கேட்ட வீட்டுக்குத் தாமரை, தாமரை கேட்ட வீட்டுக்குச் சம்பங்கி. பேராச்சியின் மல்லிகை இருபத்திரண்டாவது வீட்டுக்குப் போயிற்று.

எட்டு மணிக்குப் பேராச்சி எட்டிப் பார்த்தால், வாசலில் வெறுங்கயிற்றோடு நிற்கிறான்.

"உள்ள வாங்க."

"பூ இல்லயேட்டி. எப்படி வாரது?" என்றான். கண் கலங்கியிருந்தது. "எல்லாரும் நாளையிலருந்து வராதன்னு சொல்லிருவாவளோ?"

யாரும் சொல்லவில்லை. மாதுங்கா அம்மாக்கள் படியேறி இறங்கி, தங்களுக்குள் பூவை மாற்றிக்கொண்டார்களாம். அதைக் கேட்டுப் பேராச்சி அழுதே விட்டாள். மறுநாள் முதல் நான்காவது பொட்டலத்தைப் பழையபடி கயிற்றில் முடிந்தாள். காசு வராத பூ அது.

அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்திருந்தவர் ரயில்வே குமாஸ்தா ஞானராஜ்.

"நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, பூலோகம். பூஜையெல்லாம் கிடையாதே?"

"வாங்கிக்கிடுங்க சார். இது போனாத்தான் அடுத்த வீடு எனக்குச் சரியா வரும்."

ஞானராஜ் அவனையும் கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். இப்போதெல்லாம் கல்யாண் ஸ்டேஷனுக்கு டூட்டி போகும் நாட்களில், தாழ்ப்பாளில் தொங்கும் பூவை எடுத்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புகிறார். மனிதர்கள் நல்லவர்கள்தான், சந்தேகமே வேண்டாம்.

வீடு திரும்பும் வழியில் அந்தப் பழைய சாராயச் சந்து இன்னும் இருக்கிறது. கல்யாணமான புதிதில் ஒரு வருஷம் பேராச்சி அவன் கையைப் பிடித்து அதைத் தாண்டி நடத்திப் பழக்கினாள். அந்தத் தலையில் ஏறினது இறங்காது என்பது இந்த ஒரு விஷயத்தில் பெரிய புண்ணியம். பூலோகம் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

எட்டு மணி. மல்லிகையைத் தாழ்ப்பாளில் மாட்டுகிறான். "பூ!" ஓரடி பின்வாங்கி நிற்கிறான். பேராச்சி கதவைத் திறந்து, விடியுமுன் தானே கட்டிய பூவை அப்போதுதான் பார்ப்பவளாக எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறாள்.

"நல்லாருப்பிய" என்று சொல்லி, வெறுங்கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு, நிலைப்படியைத் தாண்டுகிறான்.