டாலருக்குப் பஞ்சம் வந்தபோது

வங்கியில் வெளிநாட்டுப் பணம் மாற்றும் கவுண்டரில் உட்கார்ந்தால், உலகத்தில் எங்கே எது சரிந்தாலும் திட்டு நமக்குத்தான். உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நான் மயிலாப்பூர் கிளையில் உட்கார்ந்திருந்தேன்.

லாக்கர் மாமி

தொண்ணூற்றொன்றில் நாட்டின் தங்கமே கடனுக்காக வெளிநாட்டில் அடகு போன செய்தி வந்தது. மறுநாள் காலை மந்தைவெளி மாமி ஒருவர் மூச்சு வாங்க வந்து, லாக்கரைத் திறந்தே ஆகவேண்டும் என்றார். வங்கியில் இருக்கும் நகையையும் சேர்த்து அனுப்பிவிட்டோமோ என்று பயம். திறந்து காட்டினோம். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு முகம் தெளிந்து வெளியே வந்தவர், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, தணிந்த குரலில் சொன்னார்: “தேசத்துக்கு நிஜமாவே போறலேன்னா சொல்லுங்கோ, ஒட்டியாணத்தைத் தரேன். ரெட்டை வடம் மட்டும் பொண்ணு கல்யாணத்துக்கு வேணும்.”

துரையின் பட்டன்

வடபழனி துரை சினிமா கம்பெனிகளுக்கு உடை தைத்தவர். அந்த வருஷம்தான் முதல்முறையாக வெளிநாட்டு ஆர்டர் பிடித்திருந்தார், குழந்தைகள் கவுன். பட்டன் மட்டும் அவர்கள் சொன்ன வெளிநாட்டுப் பட்டனாக இருக்கவேண்டும். டாலர் தட்டுப்பாட்டில், அதை வரவழைக்க, பட்டன் விலைக்கு மேலேயே வங்கியில் முன்பணம் கட்டச் சொல்லி ரிசர்வ் வங்கி உத்தரவு. நான் அதைச் சொன்னதும், “தையக்காரப் பொண்ணுங்களுக்கு இன்னா சார் பதில் சொல்றது?” என்று அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்கும் மனசு கேட்கவில்லை. கவுன் வாங்குகிற வெளிநாட்டுக்காரனையே பட்டனை அனுப்பச் சொல்லிப் பாருங்கள், அதற்கு டாலர் தேவைப்படாது என்றேன். அன்றைக்கே தந்தி கொடுத்தார். பட்டன் வந்தது, கவுன்கள் கப்பலேறின. பணம் வருவதற்குள் அரசாங்கம் ரூபாயின் மதிப்பைக் குறைத்துவிட, அதே டாலருக்குக் கூடுதல் ரூபாய். இனிப்புப் பெட்டியோடு வந்த துரை சொன்னது: “ரூபா வியுந்துச்சுன்னு அல்லாரும் அயுவுறாங்க. அது வியுந்ததுலதான் சார் நான் எயுந்துக்கினேன்!”

அண்ணாச்சியின் கணக்கு

தி.நகர் பாத்திரக்கடை அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். அரசாங்கம் இறக்குமதிக்குக் கதவைத் திறந்ததும், வெளிநாட்டுச் சாமான் வந்து நம்மை விழுங்கிவிடும் என்று முதலில் பயந்தவர், பிறகு மலேசியாவுக்கு இட்லிப் பானை ஏற்றுமதி செய்ய ஆரம்பித்தார். தொண்ணூறுகளின் கடைசியில் அந்தப் பக்கத்து நாடுகளின் பணமெல்லாம் சரிந்தது. அங்கே சரக்கு எடுக்கும் வியாபாரி தவணை கேட்டான். அனுப்பாதீர்கள் என்று நாங்கள் எல்லோரும் தடுத்தோம். அண்ணாச்சி அடுத்த லோடையும் அனுப்பினார். மறுவருஷம் பாக்கி முழுவதும் வந்து சேர்ந்தது. எந்த தைரியத்தில் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

“தொண்ணூத்தொண்ணுல நாமளும் தவிச்சு நின்னு மீண்டு வந்தவங்கதான சார்வாள்? நம்மளால முடிஞ்சது அவனால முடியாதா?”

உலகப் பொருளாதாரம் எப்படியோ ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்துவிடுகிறது, கவுண்டரில் குனிந்து உட்கார்ந்த எங்கள் முதுகுதான் இன்னும் நிமிரவில்லை.